எக்ஸில் தொடங்கும் ஹிமேனா: ஒரு பெயரைத் துப்புத் துலக்குவது எப்படி

டெக்சாஸ் சான் அன்டோனியோவில் ஒரு தொடக்கப் பள்ளியில் மழலையர் வகுப்பு ஆசிரியைக்கு உதவியாளராக இருக்கிறேன். சேர்ந்த முதல் நாளே வருகைப் பதிவைக் கையில் கொடுத்துவிட்டார்கள். மூன்றாவது பெயரில் நாக்கு நின்றுவிட்டது. எக்ஸ், ஐ, எம், இ, என், ஏ. “க்ஸிமேனா” என்றேன். யாரும் கை தூக்கவில்லை. “ஸிமேனா?” சத்தமே இல்லை. கடைசியில் “ஜிமேனா” என்று ஜிமிக்கி ரேஞ்சுக்குப் போனேன். முன் பாயில் இரட்டைப் பின்னலோடு உட்கார்ந்திருந்த பெண் தன் சாப்பாட்டு டப்பாவைத் தூக்கி, அதில் ஒட்டியிருந்த பெயரைக் காட்டி, “ஹி-மே-னா” என்றாள். ஐந்து வயதுதான். ஆனால் நூறு தடவை சொல்லி அலுத்துப்போன குரல்.

அந்த வருடம் எங்கள் வகுப்பில் எக்ஸ் போட்ட ஹிமேனா இரண்டு பேர், ஜே போட்ட ஹிமேனா ஒருத்தி. எனக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி. சாயங்காலம் அம்மாவிடம் போனில் சொன்னேன். “இதென்னட்டி பேரு? கோயில்ல வாசிப்பாங்களே, குழந்தை இயேசுவைக் கையில வாங்கின கிழவரு சிமியோன், அவரு பேரு மாதிரில்லா இருக்கு” என்றாள். நான் சிரித்துவிட்டேன். அம்மா எவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டாள் என்பது பல மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

குழந்தைக்குப் பெயர் தேடுகிறவர்களுக்கும், என்னைப் போல வெறும் ஆர்வக் கோளாறில் தோண்டுகிறவர்களுக்கும் உதவும் என்று, நான் தேடிய வழியை எழுதுகிறேன். எந்தப் பெயருக்கும் இந்த வழி ஓடும்.

முதலில் காதால் பிடியுங்கள்

எழுத்தைப் பார்த்துத் தொடங்கினால் நான் மாட்டிக்கொண்டது போல மாட்டிக்கொள்வீர்கள். அந்தப் பெயரை வைத்திருப்பவர் வாயிலிருந்தே கேட்டு, கேட்டதைத் தமிழில் எழுதி வையுங்கள். ஆங்கில எழுத்தில் எழுதினால் பழைய குழப்பம் திரும்ப உள்ளே வந்துவிடும். நான் எழுதியது: ஹிமேனா, ‘மே’யில் அழுத்தம். மெக்சிகோக்காரர்கள் அந்த ‘ஹி’யை மூச்சு விடுவது போல மெல்லச் சொல்வார்கள். ஸ்பெயினின் வடக்குப் பக்கத்தில் அதையே தொண்டையைச் செருமுவது போலச் சொல்வார்கள்.

எழுதியாயிற்றா? அடுத்த கேள்வி: எக்ஸ் எப்படி ஹகரம் ஆனது? இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். ஒரு பெயரில் எழுத்தும் ஒலியும் ஒத்துப்போகாத இடம் எதுவோ, அதன் வரலாறு பெரும்பாலும் அங்கேதான் புதைந்திருக்கும்.

இடைக்கால ஸ்பானிஷில் எக்ஸ் எழுத்துக்கு ‘ஷ’ ஒலி. அப்போது இவள் ஷிமேனா. பதினாறு, பதினேழாம் நூற்றாண்டுகளில் அந்த ‘ஷ’ மெல்ல மெல்லப் பின்வாங்கித் தொண்டைக்குப் போய்விட்டது. எழுத்து மட்டும் அப்படியே நின்றது. 1815-இல் ஸ்பெயினின் அரச மொழிக்கழகம் இந்த ஒலிக்கு இனி ஜே எழுதுங்கள் என்று விதி போட்டது. ஸ்பெயினில் ஷிமேனா ஜே போட்ட ஹிமேனா ஆனாள். மெக்சிகோவோ தன் நாட்டுப் பெயரிலேயே எக்ஸை விடாமல் வைத்துக்கொண்டது. எழுதுவது எக்ஸ், சொல்வது ‘மெஹிக்கோ’. அந்தப் பிடிவாதம் பெண் குழந்தைகளின் பெயரிலும் தங்கிவிட்டது. அதனால் எக்ஸ் போட்ட ஹிமேனாவைப் பார்த்தால் முதலில் மெக்சிகோவை நினையுங்கள், ஜே என்றால் ஸ்பெயினை. முழுக்கச் சரியாக வராது, ஆனாலும் தொடங்க இது போதும்.

நான் குடியிருக்கும் மாநிலத்தின் பெயரிலும் இதே எக்ஸ்தான் உட்கார்ந்திருக்கிறது. கேடோ என்ற பூர்வகுடி மக்களின் மொழியில் ‘டெய்ஷா’ என்றால் நண்பன். ஸ்பானியர்கள் அந்த ‘ஷ’வுக்கு எக்ஸ் போட்டார்கள். பின்னால் வந்த, ஆங்கிலம் பேசும் அமெரிக்கர்கள் எழுத்தைப் பார்த்து டெக்சாஸ் என்று படித்துவிட்டார்கள். சான் அன்டோனியோ இருக்கும் கவுண்டியையும் (நம் மாவட்டம் போல) நடுவில் எக்ஸ் போட்டுத்தான் எழுத வேண்டும், ஆனால் உள்ளூர்க்காரர்கள் சொல்வது ‘பேர்’. ஆமாம், எங்கள் கவுண்டியின் பேரே பேர்.

தூத்துக்குடிக்காரிக்கு இதைவிட நெருக்கமான சாட்சி ஒன்று உண்டு: சவேரியார். 1506-இல் ஸ்பெயினின் நவார்ரா பகுதியில், ஹவியேர் கோட்டையில் பிறந்தவர். வடக்கு ஸ்பெயினில் பேசும் பாஸ்க் மொழியில் ‘புதுவீடு’ என்று பொருள்படும் ‘எச்சே பெர்ரி’தான் அந்த ஊர்ப்பெயருக்கு மூலம். 1542-இல் அவர் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது அந்தப் பெயரின் எக்ஸ் இன்னும் ‘ஷ’வாகத்தான் இருந்தது. போர்ச்சுகீசியர் வாயில் இன்றைக்கும் அப்படித்தான். நம் ஆட்கள் காதில் விழுந்ததைச் சகரத்தில் வாங்கிச் சவேரியார் ஆக்கினார்கள். ஸ்பெயினில் அதே பெயர் இன்று ஹவியேர், ஆங்கிலத்தில் சேவியர். பதினாறாம் நூற்றாண்டு ஒலிக்குப் பக்கத்தில் நிற்பது தமிழ்தான். நான் அன்றைக்கு ‘ஷிமேனா’ என்று கூப்பிட்டிருந்தால் ஐந்நூறு வருடம் பிந்திய சரியான விடையாக இருந்திருக்கும்.

எழுத்து வடிவங்களை ஒன்று விடாமல் சேருங்கள்

இது சின்ன வேலை, ஆனால் விட்டால் பின்னால் கணக்கு இடிக்கும். ஹிமேனாவுக்கு எக்ஸ், ஜே, ஜி என்று மூன்று தலையெழுத்துகள். பிரெஞ்சில் ‘ஷிமேன்’ என்று உண்டு. 1637-இல் வந்த ‘ல சித்’ நாடகத்தின் நாயகி அவள்தான். பழைய ‘ஷ’ அங்கே பத்திரமாக இருக்கிறது. ஆண்பால் வடிவம் ஹிமேனோ. அதனோடு ‘மகன்’ என்று பொருள் தரும் விகுதி சேர்ந்தால் ஹிமேனெஸ், அதாவது ஹிமேனோவின் மகன். உலகம் முழுக்க லட்சக்கணக்கான ஹிமேனெஸ் குடும்பங்களுக்குள் இந்தப் பெயர் ஒளிந்திருக்கிறது.

மிகப் பழைய ஆளைத் தேடுங்கள்

பெயருக்கு என்ன அர்த்தம் என்று தேடுவதற்கு முன், அதை முதலில் யார் வைத்திருந்தார்கள் என்று தேட வேண்டும். நான் முதலில் போய் முட்டிக்கொண்டது எல் சித் வீட்டம்மாவிடம். எல் சித் என்று பெயர்பெற்ற ஸ்பானியப் போர்த்தலைவர் ரோட்ரிகோ தியாஸ் 1094-இல் வலென்சியா நகரைப் பிடித்தார், 1099-இல் இறந்தார். ஊரை அதற்குப் பின் பிடித்து வைத்திருந்தது மனைவி ஹிமேனா தியாஸ். 1101-இல் வலென்சியா பேராலயத்துக்கு அவர் எழுதிக் கொடுத்த தானப் பத்திரம் இன்னும் இருக்கிறது. முற்றுகை தாங்காமல் 1102-இல் அரசர் அல்போன்சோ உதவிக்கு வந்து எல்லோரையும் வெளியேற்ற, கணவரின் உடலையும் எடுத்துக்கொண்டு வடக்கே போனார். இருவரும் இப்போது புர்கோஸ் பேராலயத்தில், ஒரே கல்லுக்குக் கீழே. அங்கே மாற்றி வைத்தது 1921-இல்.

இவரைவிடப் பழையவர் ஒருவர் கிடைத்தபோது எனக்குப் புல்லரித்தது. வடக்கு ஸ்பெயினில் ஒவியேதோ பேராலயத்தில் ‘வெற்றிச் சிலுவை’ என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். ஓக் மரத்தின் மேல் பொன்னும் மணியும் பதித்தது, 908-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதைக் காணிக்கையாகக் கொடுத்தவர்கள் அஸ்தூரியாஸ் அரசர் மூன்றாம் அல்போன்சோவும் அரசியும் என்று பின்பக்கம் லத்தீனில் பொறித்திருக்கிறது. அரசியின் பெயர் அங்கே எஸ், சி, இ என்று தொடங்குகிறது: ‘ஸ்கெமேனா’ போல. எக்ஸும் இல்லை, ஜேயும் இல்லை. ‘ஷ’ ஒலிக்கு லத்தீனில் எழுத்து இல்லாமல் பொற்கொல்லர் தடுமாறியது ஆயிரத்து நூறு வருடம் கழித்தும் தெரிகிறது. வருகைப் பதிவேட்டில் நான் பட்ட பாட்டை எனக்கு முன்னாலேயே ஒருவர் தங்கத்தில் பட்டிருக்கிறார்!

அர்த்தத்தைக் கடைசியில் பாருங்கள், சந்தேகத்தோடு பாருங்கள்

குழந்தைப் பெயர்த் தொகுப்புகளில் ஹிமேனாவுக்கு ‘வீராங்கனை’ என்று போட்டிருப்பார்கள். அது எல் சித் மனைவியின் கதையை அர்த்தம் என்று நினைத்துக்கொண்ட கோளாறு. அறிஞர்கள் பக்கம் இரண்டு வழிகள் பேசப்படுகின்றன. ஒன்று, எபிரேய ‘ஷிமியோன்’, அதாவது ‘கேட்டருளினார்’. ஆண்டவர் கேட்டார் என்று லேயாள் தன் இரண்டாவது மகனுக்கு வைத்த பெயர் அது. அம்மா போனில் சொன்ன அதே சிமியோன். இன்னொன்று, பாஸ்க் மொழியில் மகனைக் குறிக்கும் ‘செமே’ என்ற சொல். ஹிமேனோ என்ற பெயர் மண்டிக் கிடந்தது பாஸ்க் பேசிய பாம்ப்லோனா, நவார்ரா பக்கத்தில். சவேரியாரின் ஊர்ப்பக்கம். அந்த அரச வம்சத்துக்கே ஹிமேனெஸ் என்றுதான் பெயர். எனக்கு பாஸ்க் வழியில்தான் சாய்வு. அம்மாவிடம் மட்டும் சிமியோன்தான் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இந்த இடத்தில் நம்மவர்களுக்கென்று தனியாக ஒரு குழி காத்திருக்கிறது. பார்வதியின் அப்பா இமவான், அம்மா மேனை. ஹிமவானும் மேனாவும் சேர்ந்தால் ஹிமேனா! இதை நான் விளையாட்டாகக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட, இரண்டே நாளில் ‘ஸ்பெயின் வரை சென்ற பார்வதியின் பெயர்’ என்று கைகூப்பும் படத்தோடு எனக்கே திரும்பி வந்தது. ஒலி ஒத்துப்போவதை மட்டும் வைத்து உறவு சொல்லாதீர்கள். நடுவில் எழுத்துச் சாட்சி வேண்டும், வழி வேண்டும், ஆண்டு வேண்டும். லிண்டாவும் இப்படித்தான். ஸ்பானிஷில் ‘லிண்டா’ என்றால் அழகி, ஆனால் பெயர் வந்த வழி ஜெர்மானியப் பழம்பெயர்களிலிருந்து. 1947 முதல் 1952 வரை அமெரிக்காவில் முதலிடத்தில் இருந்த பெயர் அது. அவ்வளவு அப்பா அம்மாவும் ஸ்பானிஷ் அகராதியைப் புரட்டியா வைத்தார்கள்?

இனி எண்ணிக்கை

அமெரிக்காவில் பிறக்கும் குழந்தைகளுக்குச் சோஷியல் செக்யூரிட்டி எண் வாங்குவார்கள், நம் ஊர் ஆதார் எண் போல. 1987-இலிருந்து மருத்துவமனையில் பிறப்பைப் பதியும்போதே இதற்கும் எழுதிக் கொடுத்துவிடலாம். அந்த விண்ணப்பங்களில் இருக்கும் பெயர்களைத்தான் சோஷியல் செக்யூரிட்டி நிர்வாகம் எண்ணி, ஆண்டுதோறும், பெரும்பாலும் மே மாதம் அன்னையர் தினத்தை ஒட்டி வெளியிடுகிறது. 1880-லிருந்து கிடைக்கும், காசு கிடையாது.

பார்க்க இரண்டு வழி. அவர்கள் தளத்தில் பெயரைத் தட்டினால், முதல் ஆயிரத்துக்குள் இருந்த ஆண்டுகளில் எத்தனையாவது இடம் என்று காட்டும். அவசரத்துக்கு இது போதும். ஒழுங்காகப் பார்க்க வேண்டுமென்றால் முழுத் தொகுப்பையும் இறக்கிக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு ஒரு கோப்பு, வரிக்கு ஒரு பெயர், நடுவில் காற்புள்ளி. 1880 கோப்பின் முதல் வரி இப்படி இருக்கும்: மேரி, பெண் என்பதற்கு எஃப், 7065. அவ்வளவுதான். எக்செலில் திறந்து, காற்புள்ளியில் பிரிக்கச் சொன்னால் பத்தி பத்தியாக வந்துவிடும். பெண்கள் முதலில், எண்ணிக்கை இறங்குமுகமாக வரிசைப்படுத்தியிருப்பதால் எத்தனையாவது வரியோ அதுதான் ஏறக்குறைய இடமும்.

நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து மூன்று எழுத்து வடிவங்களையும் மூன்று பத்தியில் போட்டேன். அப்போது செய்த தப்புகளை வைத்துச் சில எச்சரிக்கைகள்.

எழுத்து மாறினால் அவர்களுக்கு வேறு பெயர். எக்ஸ் ஹிமேனாவையும் ஜே ஹிமேனாவையும் நீங்கள்தான் கூட்ட வேண்டும். சோஃபியாவைப் பாருங்கள். பிஹெச் போட்டதும் எஃப் போட்டதும் 2024 பட்டியலில் தனித்தனியாக முதல் பத்துக்குள். இரண்டையும் கூட்டினால் முதலிடத்தில் இருக்கும் ஒலிவியாவையே தாண்டிவிடும்.

கோப்பில் பெயர் இல்லை என்றால் ஆளே இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். ஒரு ஆண்டில் ஐந்து பேருக்குக் குறைவாக இருந்தால் அந்தரங்கம் கருதி விட்டுவிடுவார்கள். 1937-க்கு முன் பிறந்த பலர் அட்டைக்கே விண்ணப்பிக்கவில்லை. ஆகவே பழைய எண்களை அப்படியே நம்ப வேண்டாம்.

அப்புறம், இடத்தை மட்டும் பார்த்து மயங்காதீர்கள். 1880-இல் முதலிடத்து மேரியை நூற்றுக்கு ஏழு பெண் குழந்தைகளுக்கு வைத்தார்கள். இன்றைக்கு முதலிடத்துப் பெயருக்கு நூற்றுக்கு ஒன்றுகூடத் தேறாது. பெற்றோர்கள் அவ்வளவு சிதறி வைக்கிறார்கள். எத்தனை பேர், மொத்தத்தில் எத்தனை சதவீதம் என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

எக்ஸ் ஹிமேனா 1990-களில் முதல் ஆயிரத்திலேயே கிடையாது. 2000-களின் தொடக்கத்தில் கடைசிப் பகுதியில் எட்டிப் பார்த்தது. அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் முதல் இருநூறுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. ஜே ஹிமேனாவும் பின்னாலேயே ஏறினாள், ஆனால் எப்போதும் கீழேதான். அதாவது இங்கே ஏறியது ஸ்பெயின் அல்ல, மெக்சிகோ.

ஏறிய விதத்தையும் பாருங்கள். டெக்சாஸின் பாடகி செலேனா 1995 மார்ச்சில் கொல்லப்பட்டார். அந்த ஆண்டுக் கோப்பில் செலேனா என்ற பெயர் விண்ணென்று ஏறி, பிறகு சரிந்துவிட்டது. ஒரு நிகழ்ச்சியோ நட்சத்திரமோ கொண்டுவந்த பெயர் இப்படித்தான் ஊசிமுனையாக நிற்கும். ஹிமேனாவோ படிப்படியாக ஏறி, ஏறிய இடத்திலேயே தங்கிவிட்டாள். ஏதோ தொலைக்காட்சித் தொடரால் வந்தது என்று யாராவது சொன்னால், தொடர் வந்த ஆண்டுக்கு முன்னாலேயே கோடு ஏறத் தொடங்கிவிட்டதா என்று மட்டும் பாருங்கள். பாதிக் கதைகள் அங்கேயே விழுந்துவிடும்.

மாநிலவாரிக் கோப்புகள் தனியாக உண்டு, 1910-லிருந்து. இசபெல்லா 2009, 2010 இரண்டு ஆண்டும் நாட்டிலேயே முதலிடம். எந்த மாநிலத்தைத் திறந்தாலும் மேலேயே இருப்பாள். ஹிமேனாவைத் தேடினால் டெக்சாசும் கலிபோர்னியாவும்தான் கண்ணை நிறைக்கும்.

ஸ்பெயினுக்கு அந்த நாட்டின் தேசியப் புள்ளியியல் நிறுவனத்தில் ஒரு பெயர்த் தேடல் இருக்கிறது. அந்தப் பெயர் கொண்டவர்கள் மொத்தம் எத்தனை பேர், எந்த மாகாணத்தில் அதிகம் என்பதோடு சராசரி வயதையும் கொடுப்பார்கள். எனக்குப் பிடித்த பத்தி அதுதான். டொலோரெஸ் என்று போட்டால் பாட்டி வயது வரும். ஹிமேனா என்று போட்டால் பள்ளிக்கூட வயது. ஆயிரம் வருடப் பெயர், ஆட்கள் எல்லாம் பொடிசுகள்.

எண்ணிவிட்டு ஆளைக் கேளுங்கள்

ஏன் ஏறியது? சுலபமான பதில்: லத்தீன் வம்சாவளியினர் அமெரிக்காவில் 2010-இல் 5.05 கோடி, 2020-இல் 6.21 கோடி. ஆட்கள் கூடினால் பெயரும் கூடும். ஆனால் அவர்களுக்கு இசபெல்லா, மியா, சோஃபியா என்று ஆங்கில வாய்க்கும் ஸ்பானிஷ் வாய்க்கும் சேர்ந்து இனிக்கும் பெயர்கள் கொட்டிக் கிடக்கின்றன. எந்த ஆங்கில வாயிலும் நுழையாத, படிப்பவரை முதல் எழுத்திலேயே கவிழ்க்கும், ‘எக்ஸிமா’ என்ற தோல்நோயின் பெயரைச் சொல்லிப் பிள்ளைகள் கேலி செய்யக்கூடிய ஒரு பெயரை ஏன் வைக்கிறார்கள்?

அந்தப் பதில் கோப்பில் இல்லை. எங்கள் ஹிமேனாவை மூன்று மணிக்குக் கூட்டிப்போக வரும் பாட்டியிடம் கிடைத்தது. பாட்டியின் பெயருக்கு ஸ்பானிஷில் ‘சகாயம்’ என்று அர்த்தம். எங்கள் ஊரில் சகாயமேரி, வியாகுலமேரி போல அங்கேயும் மாதாவின் பட்டங்கள்தான் அந்தக் காலத்துப் பெண்களுக்கு. டொலோரெஸ் வியாகுலம், நியேவெஸ் எங்கள் பனிமய மாதா. பாட்டி இந்த மாநிலத்தில்தான் படித்தார். பள்ளியில் சகாயத்தை யாருக்கும் சொல்ல வரவில்லை, முதல் வாரத்திலேயே ‘கோரா’ ஆக்கிவிட்டார்கள். வகுப்பில் ஸ்பானிஷ் பேசினால் மூலையில் நிற்க வேண்டுமாம். தன் பிள்ளைகளுக்கு அதனால் பயந்து பயந்து ஆங்கிலப் பெயராக வைத்திருக்கிறார். பேத்தி பிறந்தபோது மகள் எக்ஸ் போட்டு எழுதினாள். “ஜேயாவது போடேன், கொஞ்சம் சுலபமாக இருக்குமே என்றேன். அவர்கள் கற்றுக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டாள்” என்றார். சொல்லும்போது என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்த ‘அவர்களில்’ நானும் ஒருத்தி.

என்னைக் கேட்டால், நாடு முழுக்கப் பரவும் பெயர் காலத்தின் ருசியைக் காட்டும். ஒரு சமூகத்துக்குள்ளேயே ஏறும் பெயர் அந்தச் சமூகத்தின் தைரியத்தைக் காட்டும். இரண்டும் பட்டியலில் ஒரே மாதிரி எண்ணாகத்தான் தெரியும். அதனால்தான் மாநிலக் கோப்பைத் திறக்கச் சொன்னேன், பாட்டியிடம் பேசச் சொன்னேன்.

இந்த ஆகஸ்டில் புது வருகைப் பதிவு வந்தது. கடைசிக்கு முந்தைய பெயர் எக்ஸில் தொடக்கம்: எக்ஸ், ஐ, டி, எல், ஏ, எல், ஐ. இவ்வளவு படித்தவள் அல்லவா, ஆசிரியைக்குக் கூட வாய்ப்புக் கொடுக்காமல் கம்பீரமாக “ஹிட்லாலி!” என்றேன். பின் வரிசையில் ஒரு பையன் சிரித்துவிட்டான். அவனுக்குப் பக்கத்தில் இருந்த பெண் சிரிக்கவில்லை. என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“சிட்லாலி,” என்றாள். “ஸ்பானிஷ் இல்லை மிஸ், நாவாட்டில். மெக்சிகோவோட பழைய மொழி. நட்சத்திரம்னு அர்த்தம்.”